பாதிப் பட்டதாரிங்க வேலைக்கு லாயக்கில்லன்னா, நாலு வருஷ காலேஜ் எதுக்கு?

அண்ணா, உங்க கேள்விய ரெண்டு மூணு தடவ படிச்சேங்க. பொண்ணு ட்ரிபிள் இ (எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங்) மூணாவது வருஷம், இதுவரைக்கும் ஒரு அரியர் இல்ல, சிஜிபிஏ எட்டுக்கு மேல, ஆனா செய்தியில பாதிப் பட்டதாரிங்க வேலைக்கு லாயக்கில்லன்னு போடறாங்க, காலேஜ்ல ப்ளேஸ்மென்ட் ட்ரெயினிங்குன்னு தனியா பதினெட்டாயிரம் கட்டச் சொல்றாங்க, அப்ப இத்தன வருஷம் ஃபீஸ் கட்டினது எதுக்கு, வேலைக்கான திறமைய சொல்லித் தர்றது காலேஜோட பொறுப்பா கம்பெனியோட பொறுப்பான்னு கேட்டிருக்கீங்க. பள்ளிபாளையத்துல எட்டு தறி ஓட்டி அந்த வருமானத்துல ஃபீஸ் கட்டற ஒருத்தருக்கு மேம்போக்கா பதில் சொல்ல மனசு வரலைங்க, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

நான் மெக்கானிக்கல் படிச்சவன். ஏழு வருஷம் ஒரு தனியார் இன்ஜினியரிங் காலேஜ்ல லெக்சரரா இருந்தேன், அப்புறம் கோயமுத்தூர்ல ஒரு பம்பு கம்பெனிக்கு வந்து டெஸ்டிங்ல ஆரம்பிச்சு இப்ப குவாலிட்டி பாக்கறேன், பத்து வருஷமா புதுசா ஆள் எடுக்கற பேனல்லயும் உக்காந்துட்டு இருக்கேன். ரெண்டு பக்கமும் இருந்து பாத்ததத்தான் எழுதறேன்.

முதல்ல அந்த பாதிப் பேர் கணக்கு. மத்திய அரசோட 2023-24 பொருளாதார ஆய்வறிக்கையில 51.25 சதவீத இளைஞர்கள்தான் வேலைக்குத் தகுதியா இருக்காங்கன்னு வந்துச்சு, அதப் பிடிச்சுதான் எல்லா சேனலும் பேசினாங்க. அந்த நம்பர் எங்கேருந்து வந்துச்சுன்னு பாத்தீங்கன்னா, ஒரு தனியார் நிறுவனம் நாடு முழுக்க நடத்தற ஆன்லைன் டெஸ்ட்டுலேருந்து. இங்கிலீஷ், கணக்கு, லாஜிக், கொஞ்சம் சப்ஜெக்ட். கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து டிக் அடிக்கற பரீட்சை. அதுல குறைஞ்ச மார்க் வாங்கின பையன் ஒரு மோட்டார பிரிச்சு ரீவைண்ட் பண்ணத் தெரிஞ்சவனா இருக்கலாம், நெறைய மார்க் வாங்கினவன் மெகர, அதான் மோட்டார் இன்சுலேஷன் சோதிக்கற மீட்டர, எங்க வெக்கறதுன்னே தெரியாதவனா இருக்கலாம். இதுக்கு முன்னாடி 2016-ல எண்பது சதவீத இன்ஜினியர்கள் லாயக்கில்லன்னு இன்னொரு அறிக்கை வந்துச்சு, அத வெளியிட்டவங்களும் ஆளெடுக்கற டெஸ்ட் நடத்தற நிறுவனம்தான். அவங்க பொய் சொல்றாங்கன்னு நான் சொல்லல, ஆனா அது வேலை செய்யற திறமைய அளந்த நம்பர் கிடையாது, டெஸ்ட் எழுதற திறமைய அளந்த நம்பர். அதப் பாத்து உங்க பொண்ணு தூக்கம் கெட வேண்டியதில்லைங்க.

ஆனா பட்டதாரிங்களுக்கு வேலை கிடைக்க மாட்டேங்குதுங்கறது நெசம்தான். சர்வதேச தொழிலாளர் அமைப்பும் டெல்லியில இருக்கற மனித மேம்பாட்டு நிறுவனமும் சேந்து 2024-ல ஒரு அறிக்கை போட்டாங்க, அதுல 2022-ல இந்தியாவுல பட்டம் வாங்கின இளைஞர்கள்ல 29.1 சதவீதம் பேர் வேலையில்லாம இருந்தாங்க, எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்கள்ல 3.4 சதவீதம்தான். இதப் பாத்துட்டு படிச்சா வேலை போயிரும்னு சில பேர் பேசறாங்க, அது தப்பான வாசிப்பு. படிக்காத குடும்பத்துப் பையனுக்கு சும்மா உக்கார வழியே கிடையாது, கட்டட வேலைக்கோ தறிக்கோ மறுநாளே போயாகணும், அது கணக்குல வேலைன்னு ஏறிரும். பட்டம் வாங்கினவன் வீட்டுல ஒரு வருஷம் ரெண்டு வருஷம் காத்திருக்கவிடறாங்க, டிஎன்பிஎஸ்சி எழுதறான், பேங்க் எக்ஸாம் எழுதறான், அது வேலையின்மைன்னு ஏறுது. இதுல பையனோட திறமைக் குறை எவ்வளவு, அவன் படிப்புக்கு ஏத்த வேலை நாட்டுல இல்லாதது எவ்வளவுன்னு பிரிச்சுப் பாக்காம மொத்தப் பழியையும் பசங்க தலையில வெக்கறாங்களே, அதுதான் எனக்கு ஆத்தாமையா இருக்கு.

ஒரு விஷயம் யோசிச்சுப் பாருங்க. உங்க ஊர்ல தறி ஓட்ட ஆள் கிடைக்கலைன்னா என்ன பண்ணுவீங்க? கூலிய ஏத்துவீங்க, முன்பணம் கொடுத்தாவது ஆளப் பிடிப்பீங்க. பெரிய ஐடி கம்பெனிங்க புதுசா சேர்ற சாதாரண பட்டதாரிக்குக் கொடுக்கற சம்பளம் பத்து வருஷத்துக்கு மேலா வருஷத்துக்கு மூணு, மூணரை லட்சத்துலயேதான் நிக்குது. அந்தப் பத்து வருஷத்துல வீட்டு வாடகை என்ன ஆச்சு, பஸ் சார்ஜ் என்ன ஆச்சு? நெசமாவே திறமையான ஆளுக்கு அவ்வளவு பஞ்சம்னா சம்பளம் ஏறியிருக்கணுமே. 2021-22-ல ஒரே கம்பெனி ஒரு லட்சம் ஃப்ரெஷர்ஸ எடுத்துச்சு, அதே கம்பெனியில 2023-24 வருஷக் கடைசியில மொத்த ஆள் எண்ணிக்கையே பதிமூணாயிரம் குறைஞ்சு போச்சு. இந்த ரெண்டு வருஷ இடைவெளியில காலேஜ் பாடமும் மாறல, பசங்க மூளையும் மாறல. ஆர்டர் குறைஞ்சா ஆள் எடுக்கறது குறையும், அவ்வளவுதான்.

சரி, அப்ப காலேஜ் மேல தப்பே இல்லையான்னு கேப்பீங்க. இருக்குங்க, நெறைய இருக்கு. அது எப்படி வந்துச்சுன்னு சொல்றேன்.

நம்ம மாநிலத்துல 1984-ல எம்ஜிஆர் ஆட்சியிலதான் சுயநிதி இன்ஜினியரிங் காலேஜுக்கு கதவு திறந்தாங்க. 1997-ல ஒற்றைச் சாளர கவுன்சிலிங் வந்துச்சு, 2007 அட்மிஷன்லேருந்து நுழைவுத் தேர்வும் போச்சு, ஒரு கட்டத்துல காலேஜ் எண்ணிக்கை ஐநூறத் தாண்டிருச்சு, இப்பவும் நானூறுக்கு மேல இருக்கு. இதனால நடந்த நல்லத நான் குறைச்சு மதிப்பிட மாட்டேன். 2021-22 கணக்குப்படி தமிழ்நாட்டுல காலேஜ் வயசுல இருக்கறவங்கள்ல 47 சதவீதம் பேர் காலேஜுல இருக்காங்க, இந்தியா முழுக்கப் பாத்தா 28.4 தான். என்னோட அப்பா நாலாங்கிளாஸ், நான் எம்.இ., இந்தக் கதவு திறக்கலைன்னா இது நடந்திருக்காது. ஆனா அதே காலத்துலதான் ஐடி கம்பெனிங்க எந்த பிராஞ்சா இருந்தாலும் பரவால்லன்னு மொத்தமா அள்ளிட்டுப் போனாங்க, சிவில் படிச்சவனும் மெக்கானிக்கல் படிச்சவனும் மைசூர்லயோ சென்னையிலயோ மாசக்கணக்கா ட்ரெயினிங்ல உக்காந்து கோடிங் கத்துக்கிட்டான். அப்ப காலேஜுக்கு என்ன வேலை மிஞ்சுச்சு? அறுபது பர்சென்ட், ஸ்டாண்டிங் அரியர் இல்லைங்கற ஃபில்டர் போட்டுக் கொடுக்கறது மட்டும்தான். எப்படியும் கம்பெனிக்காரன் சொல்லித் தரப் போறான்னு காலேஜ் கத்துக் கொடுக்கறத விட்டுருச்சு, பிற்பாடு கம்பெனிங்க ட்ரெயினிங் காலத்த சுருக்கி, வர்றப்பவே ரெடியா வரணும்னு ஆரம்பிச்சாங்க, அதுக்குள்ள காலேஜ்ல கத்துக் கொடுக்கற பழக்கமே போயிருச்சு. நடுவுல பசங்க மாட்டிக்கிட்டாங்க, அவங்க அப்பா அம்மா மாட்டிக்கிட்டாங்க, அந்தப் பதினெட்டாயிரம் ரூபா ட்ரெயினிங் இந்த இடைவெளியிலதான் முளைச்சுச்சு.

இப்ப கத்துக் கொடுக்கற பழக்கம் போச்சுன்னு சொன்னேன் பாருங்க, அது எந்த இடத்துல போச்சுன்னு கொஞ்சம் கிட்டத்துல காட்டறேன்.

ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் லேப்ல சென்ட்ரிஃப்யூகல் பம்பு டெஸ்ட்டுன்னு ஒன்னு உண்டு. பம்ப ஓடவிட்டு, டெலிவரி வால்வ கொஞ்சம் கொஞ்சமா திறந்து, ஒவ்வொரு தடவையும் பிரஷர் கேஜ், வேக்குவம் கேஜ் ரீடிங் எடுக்கணும், டேங்க்ல தண்ணி பத்து சென்டிமீட்டர் ஏற எத்தன செகண்ட், எனர்ஜி மீட்டர் தட்டு பத்து சுத்து சுத்த எத்தன செகண்ட்டுன்னு ஸ்டாப்வாட்ச் வெச்சுப் பாக்கணும், அதுலேருந்து எஃபிஷியன்சி கண்டுபிடிச்சு கிராஃப் போடணும். கிராஃப் ஒரு மலை மாதிரி ஏறி ஒரு இடத்துல உச்சிக்குப் போயி இறங்கும். நான் வேலை பாத்த காலேஜ்ல அந்த பம்போட டெலிவரி கேஜ் கெட்டுப் போயிருந்துச்சு, பம்ப ஆஃப் பண்ணினாக்கூட முள்ளு ஜீரோவுக்கு வராம 0.4-லயே நிக்கும். புது கேஜ் வாங்க ரெண்டு தடவ எழுதிக் கொடுத்தோம், வரல. ஒரு பேட்ச்ல பதினஞ்சு பேர், ரெண்டு மணி நேரம், ஒரே பம்பு. பசங்க எடுத்த ரீடிங் கிராஃப்ல கண்டபடி வந்துச்சு. நான் என்ன சொன்னேன் தெரியுமாங்க, போன வருஷ ரெக்கார்ட்ல இருக்கற ரீடிங்கப் போட்டுக்குங்கன்னு சொன்னேன். ஒரு வருஷம் இல்ல, மூணு வருஷம் அதத்தான் சொன்னேன். எல்லா ரெக்கார்ட் நோட்டுலயும் அழகான மலை, ஸ்கெட்ச் பேனாவுல கலர், வெளியிலேருந்து வர்ற எக்ஸாமினர் கையெழுத்து. அந்தப் பசங்க முகம் இன்னைக்கும் ஞாபகத்துல இருக்கு, கேஜ் தப்பா இருக்கு சார்னு ஒரு பையன் வந்து சொன்னான், அத விட்டுட்டு எழுதுப்பான்னு அனுப்பினேன். வேலைக்குத் தேவையான திறமை அந்த நிமிஷம் அவன்கிட்ட இருந்துச்சு, நான்தான் அத அமுக்கினேன்.

எங்க கம்பெனியில இன்னைக்கும் ஒரு புது ஆள் செய்யற முதல் வேலை அதே டெஸ்ட்தான், பெரிய டெஸ்ட் பெட்ல, டிஜிட்டல் மீட்டர்ல. ஐஎஸ் 9079-ன்னு விவசாய மோனோபிளாக் பம்புக்கு ஸ்டாண்டர்டு இருக்கு, அதுல சொன்ன அளவுக்கு பம்பு வரலைன்னா ஐஎஸ்ஐ முத்திரை போட முடியாது. புதுசா வர்ற பத்துப் பேர்ல எட்டுப் பேர் மீட்டர் என்ன காட்டுதோ அத அப்படியே ஷீட்ல எழுதிட்டு வருவாங்க. ஒருநாள் ஒரு பையன் எஃபிஷியன்சி 104-னு எழுதி, கையெழுத்துப் போட்டு என் டேபிள்ல வெச்சுட்டுப் போனான். உள்ள போற பவர விட வெளிய வர்ற பவர் எப்படிப்பா அதிகமா இருக்கும்னு கேட்டேன், முழிக்கறான். பரீட்சையில எஃபிஷியன்சி எப்பவும் நூறுக்குக் கீழன்னு ரெண்டு மார்க் கேள்விக்கு எழுதியிருப்பான், அதுவும் இந்த நம்பரும் ஒன்னுதான்னு அவனுக்கு யாரும் காட்டல. அவன நான் கொற சொல்லல, ரெக்கார்ட் நோட்டுல எப்பவுமே சரியான விடைய காப்பி அடிச்ச ஒருத்தனுக்கு தப்பான ரீடிங் எப்படி இருக்கும்னே பாக்க வாய்ப்பு வரலையே.

அஞ்சாறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு பூல் கேம்பஸ், அதாவது பல காலேஜ் பசங்கள ஒரே இடத்துல வெச்சு நடத்தற இன்டர்வியூ, நாப்பத்தி ஒரு பேர். எல்லார்கிட்டயும் ஒரே கேள்விதான் கேட்டேன், உங்க லேப்ல நீங்க செஞ்ச ஏதாவது ஒரு எக்ஸ்பெரிமென்ட்ட சொல்லுங்க, அதுல என்ன தப்பாச்சு? முக்காவாசிப் பேர் எதுவும் தப்பாகல சார்னாங்க. தாராபுரம் பக்கத்துல ஒரு கிராமத்துப் பொண்ணு, இங்கிலீஷ்ல ஆரம்பிச்சு திணறிச்சு, தமிழ்லயே சொல்லும்மான்னேன். சார், எங்க லேப்ல பம்பு கேஜ் ஜீரோவுக்கு வராது, ஆஃப் பண்ணினா எவ்வளவு காட்டுதுன்னு பாத்து அத எல்லா ரீடிங்லயும் கழிச்சேன், அப்பவும் கிராஃப் சரியா வரல, பாத்தா பம்பு ஷாஃப்ட்ட சுத்தி அடைக்கற கிளாண்டுல தண்ணி ஒழுகிட்டு இருந்துச்சு, டேங்குக்கு வர வேண்டிய தண்ணி கீழ போகுது, அதையும் ஒரு பக்கெட்ல பிடிச்சு அளந்தேன் சார்னு சொல்லிச்சு. எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. வீட்டுல போர்வெல்லுக்குள்ள மோட்டார் இறக்கறப்ப அப்பாகூட நின்னு பழகின பொண்ணு. அப்பாயின்ட்மென்ட் கொடுத்துட்டோம், இன்னைக்கு எங்க டெஸ்ட் பெட் மொத்தமும் அந்தப் பொண்ணு பொறுப்புலதான் இருக்கு. இங்கிலீஷ்ல கஸ்டமருக்கு மெயில் போட ஆறு மாசத்துல கத்துக்கிச்சு. அந்த பக்கெட்ட ஆறு மாசத்துல எங்களால சொல்லித் தந்திருக்க முடியாதுங்க.

உங்க கேள்விக்கு என் பதில் இதுலதான் இருக்கு. எந்த சாஃப்ட்வேர், எந்த மெஷின், எங்க கம்பெனி ரிப்போர்ட் எந்த ஃபார்மட்டுல இருக்கும், இதெல்லாம் கம்பெனி சொல்லித் தர வேண்டியது. அது எங்க பொறுப்பு, நாங்க சம்பளம் கொடுத்து ட்ரெயின் பண்ணணும், அத காலேஜ் மேலயோ அப்பா அம்மா மேலயோ தள்ளறது நியாயம் கிடையாது, அஞ்சு வருஷத்துல அந்த சாஃப்ட்வேரும் மாறிரும். ஆனா அடிப்படைப் பாடத்த புரிய வெக்கறதும், தன் கையால ஒன்ன செஞ்சு, அது தப்பாகி, எங்க தப்புன்னு தேடி, சரி பண்ணி, நடந்தத நடந்தபடி எழுதற பழக்கத்தக் கொடுக்கறதும் காலேஜோட வேலை. இதுக்குப் புதுசா ஒரு சப்ஜெக்ட்டும் சேக்க வேண்டியதில்ல, சாஃப்ட் ஸ்கில் கிளாஸும் வேண்டியதில்ல. லேப், மினி ப்ராஜெக்ட், ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுன்னு சிலபஸ்லயே அதுக்கு இடம் இருக்கு. அந்த இடத்தத்தான் ரெக்கார்ட் நோட்டும், காசு கொடுத்து ப்ராஜெக்ட் வாங்கற சென்டரும் சேந்து முழுங்கிருச்சு.

ஏன் காலேஜால அதக் கொடுக்க முடியலைன்னா, வாத்தியாருங்க. நான் சேந்தப்ப எம்.இ. முடிச்ச எனக்கு கைக்கு வந்தது மாசம் பதினோராயிரம், அதுவும் ரெண்டு மாசம் தள்ளி வரும். ஒரு ஃபேக்டரியில ஒருநாள் வேலை பாத்தது இல்ல, படிச்சு முடிச்ச கையோட படிப்பு சொல்லித் தர நின்னுட்டேன். 2018-ல இன்ஜினியரிங் காலேஜுக்கு அனுமதி கொடுக்கற மத்திய அமைப்பான ஏஐசிடிஇ, பதினஞ்சு பசங்களுக்கு ஒரு ஆசிரியர்ங்கறத இருபதுக்கு ஒருத்தர்னு தளர்த்திருச்சு, பல காலேஜ்ல உடனே ஆள் குறைப்பு நடந்துச்சு. 2024-ல ஊழல எதிர்த்துப் போராடற அறப்போர் இயக்கம் வெளிய கொண்டு வந்தது ஞாபகம் இருக்கும், ஒரே ஆசிரியர் பேர் ஒரே நேரத்துல பல காலேஜ் லிஸ்ட்ல முழுநேர ஆசிரியரா இருந்துச்சு, அண்ணா யுனிவர்சிட்டியே விசாரிக்க வேண்டி வந்துச்சு. இன்ஸ்பெக்ஷன் அன்னைக்கு மட்டும் நாற்காலியில ஆள் உக்காந்தா, பம்புக்குப் பக்கத்துல நின்னு அந்தப் பையன் சொல்றதக் கேக்க யார் இருப்பா? வேலைவாய்ப்புத் திறமைன்னு மேடையில பேசற யாரும் லேப் வாத்தியாரோட சம்பளத்தப் பத்திப் பேசறதில்ல. என்னைக் கேட்டா ஆரம்பிக்க வேண்டிய இடமே அதுதான்.

சரியா நடக்கற இடமும் இருக்குங்க. கோயமுத்தூர் பிஎஸ்ஜி டெக் 1951-ல ஆரம்பிச்சது, அதுக்கும் முன்னாடி 1926-லயே அதே வளாகத்துல மோட்டாரும் பம்பும் செய்யற இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட் இருந்துச்சு. அங்க சாண்ட்விச்னு அஞ்சு வருஷ பி.இ. உண்டு, படிக்கறப்பவே ஷாப் ஃப்ளோர்ல வேலை செஞ்சு பழகணும். ஒரு வருஷம் கூடப் படிக்கணுமான்னு பல பேர் ஒதுக்கிடுவாங்க, ஆனா அதுல படிச்சவங்க மெஷின் பக்கத்துல நிக்கற விதமே வேற மாதிரி இருக்கும், நான் பாத்திருக்கேன். ஜோஹோங்கற சாஃப்ட்வேர் கம்பெனி 2005-லேருந்து பிளஸ் டூ, டிப்ளமோ முடிச்ச பசங்கள எடுத்து, ஃபீஸ் வாங்காம, மாசா மாசம் ஸ்டைபண்ட் கொடுத்து ரெண்டு வருஷம் சொல்லித் தர்றாங்க, தென்காசியிலயும் நடத்தறாங்க. அதப் பாத்துட்டு டிகிரியே வேண்டாம்னு முடிவு பண்றவங்களுக்கு ஒன்னு சொல்வேன், அங்க எடுக்கற ஆள் எண்ணிக்கை கொஞ்சம், லட்சக்கணக்கான பசங்களுக்கு அது வழியாகாது. ஆனா அதுலேருந்து காலேஜ் கத்துக்க வேண்டியது ஒன்னு இருக்கு, சொல்லித் தர்றவங்க அந்த வேலைய செஞ்சவங்க, பசங்க செய்யறது நெஜ வேலை.

அரசாங்கத் திட்டத்துல, 2022 மார்ச்ல தமிழ்நாடு அரசு ஆரம்பிச்ச ‘நான் முதல்வன்’ங்கற திறன் பயிற்சித் திட்டத்த நான் மனசார வரவேற்கறேன். குறிப்பா கிராமத்து ஆர்ட்ஸ் காலேஜ்ல படிக்கற பசங்களுக்கு இப்படி ஒரு உலகம் இருக்குன்னு காட்டினதே பெரிய விஷயம், நம்ம மாநிலத்துல இன்ஜினியரிங் படிக்கறவங்கள விட பி.ஏ., பி.எஸ்சி., பி.காம். படிக்கறவங்கதான் அதிகம், அவங்களப் பத்தி யாரும் பேசறதே இல்ல. ஆனா சில காலேஜ்ல அந்த கோர்ஸையும் ரெக்கார்ட் நோட்டு மாதிரி ஆக்கிட்டாங்க, வீடியோவ ஓடவிட்டு, கடைசி க்விஸ்ஸுக்கு விடை வாட்ஸ்அப் குரூப்ல சுத்துது, சர்டிபிகேட் வருது. இன்டர்ன்ஷிப் கட்டாயம்னு ஆக்கினதுக்கும் அதே கதி, காசு கட்டினா பதினஞ்சு நாள் வந்தான்னு லெட்டர் கொடுக்கற இடங்கள் முளைச்சிருச்சு. இன்டர்வியூவுல அந்த சர்டிபிகேட்ட நீட்டறப்ப, அங்க காலையில எத்தன மணிக்குப் போவே, யார்கிட்ட வேலை கத்துக்கிட்டேன்னு கேட்டா ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சிரும்.

அதிகம் பேருக்குத் தெரியாத ஒரு வழி அப்ரன்டிஸ். 1961 சட்டம், 1973-ல பட்டதாரிகளையும் டிப்ளமோகாரங்களையும் சேத்தாங்க. நாட்ஸ்னு அதுக்கு மத்திய அரசோட போர்ட்டல் ஒன்னு இருக்கு, தென் மாநிலங்களுக்கு ஆபீஸ் சென்னை தரமணியில. படிப்பு முடிச்ச பொறவு ஒரு வருஷம் கம்பெனியில வேலை கத்துக்கலாம், 2019-ல பட்டதாரிக்குக் குறைஞ்சது மாசம் 9,000 ரூபான்னு வெச்சாங்க, அதுல பாதிய மத்திய அரசு கொடுக்குது. ஒன்பதாயிரத்துக்கா பி.இ. படிச்சோம்னு வீட்டுல வருத்தப்படுவாங்க, அந்த வருத்தம் நியாயமானது. ஆனாலும் காசு கட்டி ஆறு மாசம் கோர்ஸ் போறதுக்கும், காசு வாங்கிட்டு ஒரு வருஷம் சப்ஸ்டேஷன்லயோ பேனல் போர்டு கம்பெனியிலயோ நிக்கறதுக்கும் வித்தியாசம் இருக்கு. சில கம்பெனிங்க அப்ரன்டிஸ குறைஞ்ச கூலி ஆளா ஓட்டறாங்க, சேர்றதுக்கு முன்னாடி அங்க போன வருஷம் இருந்த பசங்ககிட்ட விசாரிச்சுட்டு சேக்கணும்.

இங்கிலீஷ் பத்தி நீங்க கவலைப்பட்டிருந்தீங்க. தேவைதான், மறுக்கல. ஆனா எங்க பேனல்ல தமிழ்ல சொல்லலாம்னு சொன்ன அன்னைக்கு பாதிப் பசங்க முகமே மாறிடும், அதுவரைக்கும் ஊமையா இருந்தவன் படம் போட்டு விளக்குவான். பொண்ணு முதல்ல தன் ப்ராஜெக்ட்ட உங்களுக்குத் தமிழ்ல புரியற மாதிரி சொல்லட்டும், நீங்க குறுக்குக் கேள்வி கேளுங்க. தமிழ்லயே சொல்ல வராத விஷயம் இங்கிலீஷ்ல எப்படி வரும்?

ஏஐ வந்தா வேலையே இருக்காதேன்னு கேட்டிருக்கீங்க. ரிப்போர்ட் எழுதறது, சின்னச் சின்ன கோடு எழுதறது, இதெல்லாம் புதுப் பசங்களுக்குக் கொடுத்துட்டு இருந்த வேலை, அது குறைஞ்சுட்டு வர்றது உண்மைதான். ஆனா அதுகிட்ட வாங்கின பதில் சரியா தப்பான்னு யாராவது பாக்கணும். எஃபிஷியன்சி 104-னு வந்தா அது நடக்காதுன்னு சொல்லத் தெரிஞ்ச ஆள் வேணும். அந்தக் கெட்டுப் போன கேஜும் இதுவும் எனக்கு ஒன்னாத்தான் தெரியுது.

இப்ப உங்க பொண்ணுக்கு. பதினெட்டாயிரத்த ட்ரெயினிங்குக்குக் கட்ட வேண்டாங்க. ஆப்டிட்யூட் டெஸ்ட் பழக்கத்துக்கு வரும், தினம் ஒரு மணி நேரம் வீட்டுல போட்டா போதும், பழைய கேள்வி எல்லாம் இலவசமாவே கிடைக்குது. ஏழெட்டு சர்டிபிகேட் சேக்கறதும் வேண்டாம். ப்ராஜெக்ட்ட மட்டும் எந்த சென்டர்லயும் காசு கொடுத்து வாங்க விடாதீங்க, உங்க தறி ஷெட்டே அந்தப் பொண்ணுக்கு லேப். எட்டு தறிக்கு எட்டு மோட்டார் ஓடுது, ரெண்டு மாசத்துக்கு ஆயிரம் யூனிட் வரைக்கும் இலவசம், அதுக்கு மேல ஒவ்வொரு யூனிட்டும் உங்க கைக்காசு. ஒரு மீட்டர் துணிக்கு எத்தன யூனிட் கரண்ட் ஆகுதுன்னு உங்களுக்குத் தெரியுமா? பொண்ணு கண்டுபிடிக்கட்டும். உங்க ஒயர்மேனை விட்டு ஒரு தறிக்கு மட்டும் தனியா ஒரு சின்ன எனர்ஜி மீட்டர் மாட்டச் சொல்லுங்க, லைன்ல பொண்ணு கை வைக்க வேண்டாம். ஒரு யூனிட்டுக்கு லைட் எத்தன தடவ சிமிட்டும்னு மீட்டர் மேலயே எழுதியிருக்கும். தறி ஓடறப்ப அஞ்சு நிமிஷம் எண்ணச் சொல்லுங்க, நூல் அறுந்து தறி நின்னு மோட்டார் மட்டும் வெட்டியா ஓடறப்ப அஞ்சு நிமிஷம் எண்ணச் சொல்லுங்க. பழைய ரீவைண்டிங் மோட்டார் ஒன்னு, புதுசு ஒன்னு, ரெண்டுலயும் எடுக்கட்டும். லோடு கம்மியா இருந்தா பவர் ஃபேக்டர் குறையும்னு மெஷின்ஸ் சப்ஜெக்ட்ல படிச்சிருக்கும், அது உங்க ஷெட்டுல எவ்வளவு குறையுதுன்னு காலேஜ்லேருந்து ஒரு பவர் மீட்டர் கேட்டு வாங்கிப் பாக்கட்டும், எந்த லேப்லயும் அது இருக்கும், சும்மாதான் கிடக்கும். முதல் வாரம் எடுக்கற நம்பர் எல்லாம் முன்னுக்குப் பின் முரணா வரும். பெல்ட் லூஸா இருக்கலாம், வோல்டேஜ் சாயங்காலம் இறங்கலாம், எண்ணினதுல தப்பு இருக்கலாம். அது ஒவ்வொன்னையும் தேதி போட்டு ஒரு நோட்டுல எழுதச் சொல்லுங்க, அடிச்சத வொயிட்னர் போட்டு மறைக்க வேண்டாம்.

அந்த நோட்ட எடுத்துட்டு லீவுல ஒருநாள் ரெண்டு பேரும் கோயமுத்தூர் வாங்க. ஞாயித்துக்கிழமை தவிர எப்ப வந்தாலும் நான் டெஸ்ட் பெட் பக்கத்துலதான் இருப்பேன். கிராஃப் போட்டு அழகாக்கிட்டு வர வேண்டாம், எழுதினது எழுதினபடி இருந்தா போதுங்க.